ஜம்புப் பழத்தில் இருந்த பல்தடம்

போன செவ்வாய்க்கிழமை காலை. ஏழு மணி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா வாசல் ஜம்பு மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்கிவிட்டு உள்ளே வந்தார். நான் சமையலறைக்குள் நுழைந்தபோது, ஒரு பழத்தின் பாதியைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, மீதியை அசாம்போய்த் தூளில் தொட்டு என் மகனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். சீவி எறிந்த துண்டு சிங்க்கில் கிடந்தது. அதில் சின்னச் சின்னப் பல்தடங்கள்.

“அது என்னம்மா, கடிச்ச பழமா?”

“வௌவால் கடிச்சதுடி. அணிலும் வௌவாலும் கடிச்ச பழந்தான் இனிக்கும். கடிச்ச எடத்தத்தான் சீவிட்டேன்ல.”

பையன் கையில் இருந்ததைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அவன் அழுதான். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும், “எங்க தோட்டத்துல நாங்க திங்காததா? ஒண்ணும் ஆகல லா” என்றார்.

அம்மா சொன்னது பொய்யில்லை. ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு ஆனது. அவர் அம்மாவின் சொந்தத் தம்பி. அவருக்கு வந்த நிப்பா என்ற கிருமி நோயும் இந்தப் பல்தடமும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்பது அம்மாவுக்கு இன்றுவரை மனதில் ஒட்டவில்லை. ஆத்திரத்தில் பிடுங்கிப் போட்டேனே தவிர, உட்கார வைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரில் ஒரு மருத்துவ லேப்பில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். இரத்தம், சிறுநீர், சளி, மலம், முதுகுத்தண்டு நீர் என்று மனித உடம்பிலிருந்து வெளியே வருவதையெல்லாம் பார்ப்பதுதான் என் தொழில். ஒரு கிருமி எவ்வளவு கொடியது என்று எல்லோரும் கேட்பார்கள். அது உடம்பை விட்டு எந்த வழியாக வெளியே வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. லேப்பில் அதை ‘ஷெட்டிங்’ என்போம். மூத்திரத்தில் வருகிறதா, எச்சிலிலா, இருமலிலா? அது தெரிந்தால்தான் எதை மூட வேண்டும், எதைக் கழுவ வேண்டும், எதிலிருந்து முகத்தைத் திருப்ப வேண்டும் என்று தெரியும். அது தெரியாததால்தான் 1999-இல் இந்த நாட்டில் அத்தனை பேர் செத்தார்கள்.

மாமா அப்போது ஈப்போ பக்கம் ஒரு தவுக்கே முதலாளியிடம் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பன்றி லோரி. கம்பிக் கூண்டு அடுக்கிய லோரி. இரவில் ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். 1998 கடைசியில் அவருக்குத் தெற்கே நிறைய ஓட்டம் இருந்தது. சிரம்பான் பக்கம் சிகாமாட், அப்புறம் புக்கிட் பெலாண்டோக். பேராக் பண்ணைகளில் பன்றிகளுக்கு ஏதோ சீக்கு, ஆட்களுக்கும் காய்ச்சல் என்று பேச்சு வந்ததும் விலை விழுந்தது. விலை விழுந்ததும் பன்றிகளை மலிவாகத் தள்ளிவிட்டார்கள். வாங்க ஆள் இருந்தது. சீனப் பெருநாள் வேறு வந்துகொண்டிருந்தது.

“பன்னி இருமுனா எப்படி இருக்கும் தெரியுமா? நாய் குரைக்கிற மாதிரி. லோரி பின்னால நாலஞ்சு நாயைக் கட்டி வச்ச மாதிரி ராத்திரி பூரா சத்தம்” என்று மாமா சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தத்தைப் பல வருஷம் கழித்து நான் ஆய்வுக் கட்டுரைகளில் படித்தேன். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் இருமல் என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பெரும்பாலான பன்றிகள் சாகவில்லை. இருமின, மூச்சு வாங்கின, தேறிவிட்டன. செத்திருந்தால் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். தேறிவிடுகிற சீக்கு என்பதால்தான் அவை விற்பனைக்குப் போயின, லோரி ஏறின.

இறக்கும்போது பன்றி லேசில் நகராது. தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். முகத்துக்கு நேரே இருமும். மாமா கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கூண்டைத் திறப்பார். பிறகு தண்ணீர்க் குழாயைப் பிடித்து லோரியைக் கழுவுவார். செருப்பு மட்டும்தான் போட்டிருப்பார்.

அவருக்கு என்ன சொல்லப்பட்டது? கொசு என்று சொல்லப்பட்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல், சுருக்கமாக ஜே.இ. அந்தக் காய்ச்சலுக்கும் பன்றிதான் கிருமி பெருகும் இடம். பன்றியைக் கடித்த கொசு மனிதனைக் கடித்தால் வரும். சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜே.இ.க்கான அடையாளமும் இருந்தது. அதனால் சந்தேகப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குடியிருப்புத் தாமான் தாமானாகப் புகை அடித்தார்கள். ஊசி போட்டார்கள். மாமாவும் போட்டுக்கொண்டார். கொசுவர்த்தி கொளுத்தி, வலைக்குள் படுத்தார். காலையில் எழுந்து பன்றி முகத்துக்கு நேரே நின்றார்.

சீனப் பெருநாள் முடிந்து பத்து நாள் இருக்கும், காய்ச்சல். தலைவலி தாங்காமல் சுவரில் நெற்றியை முட்டினாராம். மூன்றாம் நாள் பேச்சு குழறியது. அத்தை அவரைக் காரில் போட்டுக்கொண்டு கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். நான் அப்போது லேப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். மாமாவுக்கு நினைவில்லை, மூக்கில் குழாய். ஆனால் கழுத்தும் தோளும் மட்டும் தாளம் போடுவது மாதிரி வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. அம்மா அதைப் பார்த்து, “முருகா, அவனுக்கு உசிரு இருக்குடி, அசையிறான் பாரு” என்று சந்தோஷப்பட்டார். அந்த வெட்டு இழுப்புதான் இந்த நோயின் முத்திரை என்று பின்னால் மருத்துவர்கள் எழுதினார்கள்.

கொசுக் கணக்கு சரியாக வரவில்லை. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பெரிய ஆட்கள், பெரும்பாலும் ஆண்கள், பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். அதே வீட்டில், அதே கொசுக்கடியில் இருந்த பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து கம்போங்கில் இருந்த மலாய்க்காரர்களையும் அந்தக் கொசுக்கள் கடித்திருக்கும்தானே? பன்றியைத் தொடாத அவர்களுக்கு வரவில்லை. ஊசி போட்டவர்களும் செத்தார்கள். பன்றிகளே இருமின. ஜே.இ. வந்தால் வளர்ந்த பன்றி அப்படி இருமாது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரை எடுத்துச் செல் வளர்ப்பில் இட்டுப் பார்த்தார். சில நாளில் செல்கள் ஒன்றோடு ஒன்று கலந்து, பல உட்கரு கொண்ட பெரிய பெரிய திட்டுகளாகிவிட்டன. இதை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்த்தே வயதானவள் நான். தனித்தனியாக இருக்க வேண்டிய செல்கள் சுவர் இடிந்து ஒன்றாகிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஜே.இ. அப்படிச் செய்யாது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி குடும்பத்துக் கிருமிகள் அப்படிச் செய்யும். அவர் அதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தபோது, 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. 1999 மார்ச் மாதம் அது. அந்த நோயாளியின் கிராமம் நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா. அந்த ஊர்ப் பெயரே கிருமிக்குப் பெயராகிவிட்டது.

அதற்குள் நெகிரி செம்பிலானில் கிராமங்களைக் காலி செய்து, இராணுவத்தை இறக்கி, பன்றிகளைச் சுட்டுப் புதைக்கத் தொடங்கியிருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல். மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். இங்கிருந்து போன பன்றிகளால் சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். மாமா 23 நாள் கழித்துக் கண் திறந்தார். முதலில் கேட்டது லோரிச் சாவியை.

இப்போது பல்தடத்துக்கு வருகிறேன்.

ஹெண்ட்ராவின் வீடு வௌவால் என்று ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்திருந்ததால், இங்கேயும் வௌவாலைத் தேடினார்கள். பெரிய பழந்தின்னி வௌவாலை நாம் கெலுவாங் என்போமே, அதன் இரத்தத்தில் நிப்பாவுக்கான எதிர்ப்பொருள், அதாவது கிருமி முன்பு உடம்புக்குள் வந்ததற்கான தடயம், கிடைத்தது. ஆனால் கிருமியே கையில் கிடைக்கவில்லை. டாக்டர் சுவாவும் கூட்டாளிகளும் தியோமான் தீவில், வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் இரவோடு இரவாகப் பிளாஸ்டிக் விரிப்பை விரித்தார்கள். விடியலில் விழும் மூத்திரத்தைத் துளித் துளியாகச் சேர்த்தார்கள். கீழே கிடந்த பாதி தின்ற பழங்களையும் துடைத்து எடுத்தார்கள். மூத்திரத்திலிருந்து இரண்டு முறை நிப்பா உயிரோடு கிடைத்தது. பாதி தின்ற பழத்திலிருந்து ஒரு முறை.

அம்மா, அந்தப் பழத்தைத்தான் நான் அன்றைக்கு உங்கள் கையில் பார்த்தேன்.

வௌவால் நம்மைப் போல் கடித்து விழுங்குவதில்லை. சதையை வாயில் போட்டு நசுக்கிச் சாற்றை உறிஞ்சிவிட்டு, நாரைச் சக்கையாகத் துப்பிவிடும். அதாவது அது தின்ற இடமெல்லாம் எச்சில். நீங்கள் சீவி எறிந்தது பல் பட்ட இடத்தை மட்டும். எச்சில் வழிந்த இடமும், மேல் கிளையிலிருந்து மூத்திரம் தெறித்த இடமும் கண்ணுக்குத் தெரியாது. கத்தி அந்த ஈரத்தை உள்சதைக்கும் கொண்டு போகும். பழச்சாற்றிலும் வௌவால் மூத்திரத்திலும் இந்தக் கிருமி சில மணி நேரத்திலிருந்து சில நாள்வரை தாக்குப்பிடிக்கும். காய்ந்தாலோ சூடு பட்டாலோ செத்துவிடும். அதன் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு பட்டால் உடைந்துவிடும்.

ஆனால் பேராக்கில் நடந்தது பழத்தை மனிதன் தின்றதால் இல்லை. ஈப்போவுக்கு அருகே, நோய் தொடங்கியதாகக் கருதப்படும் பெரிய பண்ணையில், பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரங்கள் நின்றன. ஒரே நிலத்தில் இரண்டு வருமானம், அதில் தப்பென்ன? மாம்பழத்துக்குக் கெலுவாங் வந்தது. தின்றது போக மீதியைக் கீழே போட்டது. கீழே பன்றி. இவ்வளவுதான். 1997 புகைமூட்டமும் வறட்சியும் காட்டில் பழமில்லாமல் செய்து வௌவால்களைத் தோட்டத்துக்குத் துரத்தின என்று சிலர் சொல்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லூரிக்குப் போன அந்தப் புகை எனக்கும் நினைவிருக்கிறது. என்றாலும் நான் மாமரத்துக்குத்தான் அதிக எடை கொடுப்பேன். புகை வந்து போய்விடும், மரம் ஒவ்வொரு பருவமும் காய்க்கும்.

வௌவால் உடம்பில் இந்தக் கிருமி கொடிய கிருமியே அல்ல. வௌவால் நோயில் விழுவதில்லை, எல்லா நாளும் கிருமியைச் சிந்துவதுமில்லை. இங்கே பிடித்து வைத்து மாதக்கணக்கில் கவனித்த கெலுவாங்குகளில், அடங்கியிருந்த கிருமி மறுபடி தலைகாட்டியதைப் பார்த்திருக்கிறார்கள். ஹெண்ட்ரா விஷயத்தில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் காட்டில் பூ பூக்காமல் வௌவால் பசியில் கிடந்து, குதிரை மேயும் இடத்துக்கு வந்த வருஷங்களில்தான் குதிரைகளுக்கு நோய் தாவியது. காட்டில் நிறையப் பூத்த வருஷங்களில் தாவவில்லை. பசித்த உடம்பு, இடம் மாறிய உடம்பு. அந்த ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பன்றிக்குள் போனதும் கிருமி வேறு வழி எடுக்கிறது. மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும் பெருகி, இருமலில் வெளியே வருகிறது. ஆயிரக்கணக்கான பன்றிகள் நெருக்கியடித்து நிற்கும் கொட்டகையில் ஒன்று இருமினால் போதும். வௌவாலிடம் துளியாக இருந்தது அங்கே மழையாகிறது. தடுப்பூசி போட ஒரே ஊசியைப் பல பன்றிக்குக் குத்தியதும் பரப்பியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். பண்ணை நாய்களுக்கும் வந்தது. மனிதனிடம் வந்தபோது மூளையில் போய் உட்கார்ந்தது. நோயாளிகளின் சிறுநீரிலும் தொண்டையிலும் கிருமி இருந்தும், இங்கே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது மிக அரிது.

வங்காளதேசத்தில் கதை வேறு. 2001-இலிருந்து அங்கே அடிக்கடி வருகிறது, பன்றி இடையில் இல்லாமலே. ஈச்சமரத்தைச் சீவிக் கலயம் கட்டிச் சாறு இறக்குவார்கள். இரவில் வௌவால் வந்து சீவிய இடத்தை நக்கும், கலயத்துக்குள் மூத்திரம் போகும். விடியற்காலையில் அதைக் காய்ச்சாமல் குடிப்பார்கள். அங்கே நோயாளிகளுக்கு இருமலும் மூச்சுத் திணறலும் அதிகம். அதனால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கும் தாவுகிறது, பத்தில் ஏழு பேருக்குக் குறையாமல் சாகிறார்கள். 2018-இல் கேரளாவின் கோழிக்கோட்டில் வந்தபோது, முதல் நோயாளிகளைக் கவனித்த ஒரு தாதியும் இறந்தார். அந்தச் செய்தியை எங்கள் லேப்பில் எல்லோரும் ஓய்வறையில் நின்றபடியே படித்தோம்.

அப்படியானால் ஒரு ஜம்புப் பழத்தால் என் மகனுக்கு வந்திருக்குமா? வாய்ப்பு மிக மிகக் குறைவு. எங்கள் மரத்துக்கு வருவது கெலுவாங் இல்லை, உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பழந்தின்னி வௌவால். அந்த இனத்திலும் நிப்பா எதிர்ப்பொருள் இங்கே கண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1999-க்குப் பிறகு இந்த நாட்டில் மனிதருக்கு நிப்பா வரவில்லை. ஆனாலும் கடித்த பழத்தை எறிவதற்கு எனக்கு ஒரு காசு செலவில்லை. கடிக்காத பழத்தைக் கழுவித் தின்போம்.

மரத்தை வெட்டிவிடலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். வௌவாலை விரட்டப் பட்டாசு போடலாம் என்றும் சொன்னார். இரண்டுக்கும் நான் உடன்படவில்லை. டுரியான் பூ இரவில்தான் விரியும். பெரும்பாலும் வௌவால்தான் மகரந்தம் சேர்க்கிறது. பெத்தாய் மரத்துக்கும் அதுவே. துரத்தினால் அது பதறி எங்கேயோ போய்த் தொங்கும், பசியோடு தொங்கும். மேலே அந்த ஆஸ்திரேலியக் கணக்கைச் சொன்னேனே.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். இப்போது செந்தூலில் மகள் வீட்டில் இருக்கிறார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது, சோர்ந்துவிடுவார். சில மாதங்கள் யாரோடும் பேசமாட்டார். பிழைத்தவர்களில் பலருக்கு இந்தச் சோர்வும் மனவாட்டமும் தங்கிவிட்டன. சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்து மூளைக்காய்ச்சலே திரும்பியது. மாமாவுக்குக் கொஞ்சம் தலைவலி என்றாலும் அத்தை முகம் வெளுத்துவிடும்.

அம்மா பழ விஷயத்தை அவரிடம் முறையிட்டார். மாமா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “தெக்க கொண்டு போனது என் லோரிதானேம்மா?” என்றார். எத்தனையோ வருஷமாக இதை அவர் யாரிடமும் கேட்டதில்லை. புக்கிட் பெலாண்டோக்கில் அவர் பன்றி இறக்கிய பண்ணைகளில் இரண்டில் ஆட்கள் செத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தவர்கள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. “லோரிங்கதான் மாமா கொண்டு போச்சு. உங்க லோரி மட்டும் இல்ல. அந்த இருமல்லதான் சீக்கு இருக்குன்னு உங்ககிட்ட யாரும் சொல்லல. சொல்லியிருந்தா நீங்க ஏத்தியிருப்பீங்களா?”

“ஏத்தியிருக்க மாட்டேன்” என்றார் உடனே. “துண்டையாவது மூஞ்சில கட்டியிருப்பேன்.”

அப்புறம் எழுந்து வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். மரத்தை அண்ணாந்து பார்த்தார். துணி காயப்போடும் கம்பியைப் பிடித்து, மரத்தடியிலிருந்து கூரைக்குக் கீழே இழுத்தார். அடுத்து எங்கள் நாய் புருனோவின் தண்ணீர்ச் சட்டியை எடுத்தார். உள்ளே ஒரு ஜம்புப் பூவும் கொஞ்சம் சக்கையும் மிதந்தன. அதைக் கால்வாயில் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, சுவரோரமாக வைத்தார். இரண்டடி தள்ளி நின்று மறுபடி மேலே பார்த்தார்.

“இங்க விழாதுல்ல?” என்றார்.

“விழாது மாமா.”

திருப்தி இல்லை. சட்டியை இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.